பாட்டுக்கு அடியில் லூர்து அத்தை

1

இன்றோடு எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். திண்டுக்கல்லில் இருந்திருந்தால் காலைப் பூசைக்குப் போய்விட்டு, வரும் வழியில் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்திருப்போம். இங்கே மனிடோபாவில், கனடாவின் நட்டநடுவில், வெளியே மைனஸ் இருபத்தெட்டு. காரிலிருந்து ஒரு வயரை இழுத்து வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கில் சொருகி வைத்தால்தான் மறுநாள் எஞ்சின் கண் திறக்கும். தம்பி சேவியரிடம் போனில் இதைச் சொன்னபோது, "காருக்கும் சார்ஜ் போடுறீங்களாக்கா?" என்று சிரித்தான்.

என் கணவர் அந்தோணி முன்னறையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஜூன் மாதம் நாங்கள் டொராண்டோவுக்குக் குடிபோகிறோம். லேத்துப் பட்டறை வேலை தெரிந்த அவருக்காக, அவருடைய அண்ணன் அங்கே ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார். ஜூனுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ஆனால் நெய்க்காரப்பட்டியில் பிறந்த என் கணவருக்கு எதையும் முன்கூட்டியே கட்டி வைத்தால்தான் தூக்கம் வரும். எனக்கும் சம்மதம்தான். அங்கே தமிழில் பூசை உண்டு, வாடாத முருங்கைக்காய் கிடைக்கும். மகள் ஷெரினுக்குப் பதின்மூன்று வயது. கிறிஸ்துமஸ் அன்று அவளிடம் விஷயத்தைச் சொன்னோம். "ஓகே" என்று சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை என்று நாங்கள் இருவரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

என் முன்னால் கம்ப்யூட்டர் திறந்திருக்கிறது. ஒரு டாக்குமெண்டரிப் படத்துக்கு நான் ஆங்கில வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழில் பேசுவது திரையின் அடியில் ஆங்கிலத்தில் ஓடுமே, அதுதான். எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு இடம் மட்டும் நான்கு நாட்களாகக் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் பேசுவது என் லூர்து அத்தை. அவர் பேசுவது என்னிடம்.

2

லூர்து அத்தை என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. எங்கள் பக்கத்தில் முதன்முதலில் விமானம் ஓட்டிய பெண் அவர்தான். அறுபதுகளில் சென்னைக்குப் போய்ப் படித்து, லைசென்ஸ் வாங்கி, பருத்திக் காடுகளுக்கு மருந்தடிக்கும் சின்ன விமானத்தை ஓட்டினார். பயணிகள் விமானம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பொம்பளையை நம்பி எவன் ஏறுவான் என்று கேட்டார்களாம். பருத்திச் செடி அப்படியெல்லாம் கேட்காது.

ஒருமுறை எரியோடு பக்கம் பறக்கும்போது எஞ்சின் நின்றுபோய், தரிசுக் காட்டில் இறக்கிவிட்டார். ஊரே ஓடி வந்தது. ஒருவர் செம்பில் மோர் கொண்டுவந்து நீட்டி, "பயந்துட்டியாம்மா? டிரைவர் எங்க?" என்று கேட்டிருக்கிறார். "நாந்தான்யா டிரைவர்" என்று சொல்லிவிட்டு அத்தை மோரைக் குடித்தாராம். அதன் பிறகும் இரண்டு பேர் விமானத்துக்கு அடியில் குனிந்து டிரைவரைத் தேடினார்கள் என்பார் அப்பா.

எனக்குத் தெரிந்த அத்தை, எண்பதுகளின் அத்தை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையின் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரிலேயே ஹெல்மெட் போட்டுக்கொண்டு மொபெட் ஓட்டியவர் அவர் ஒருவர்தான். டீக்கடை இளவட்டங்கள், "பைலட்டு வருது, வழிய விடுங்கடா!" என்று கத்துவார்கள். அத்தையும் விடமாட்டார். "ஏலே, ஒதுங்கியே நில்லுங்க. பிரேக்கு புடிக்கல" என்று சொல்லிக்கொண்டே போவார்.

ஒரு பழக்கம் மட்டும் அவரிடம் கடைசிவரை இருந்தது. வீட்டைவிட்டு வெளியே வந்ததும் தென்னை மட்டை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்ப்பார். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மொபெட்டைக் கிளப்புவார். விமானத்திலிருந்து பார்த்தால் திண்டுக்கல் மலைக்கோட்டை எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "திண்டு மாதிரிதாண்டி. படுத்துக்கலாம் போல இருக்கும்" என்றார். இன்றைக்கும் வேலை முடிந்து அலுத்துப் படுக்கும்போது, அந்தப் பாறை என் தலைக்கடியில் வந்துவிடுகிறது. மேலே ஒரு சின்ன விமானம் சத்தமில்லாமல் வட்டமடிக்கிறது. அப்படியே தூங்கிப்போகிறேன்.

3

எங்கள் கல்யாணம் காலையில் கோயிலில் நடந்தது. மத்தியானம் மண்டபத்தில் வரவேற்பு. எங்கள் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். மாப்பிள்ளையும் பொண்ணும் மேடையில் நிற்க வேண்டும். சனம் வரிசையாக ஏறி வந்து, கையில் ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, வீடியோ லைட்டைப் பார்த்துக் கண் கூச, அந்தப் பக்கமாக இறங்கிப் பந்திக்குப் போக வேண்டும். ஆளுக்குப் பத்து விநாடி. அதற்கு மேல் நின்றால் வரிசை தேங்கிவிடும். பந்தியில் இருப்பவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

லூர்து அத்தை வெள்ளைக் காட்டன் சேலையில், வலது மணிக்கட்டில் பெரிய வாட்ச்சோடு ஏறி வந்தார். வந்தவர் நகரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். வரிசை மண்டப வாசல்வரை நீண்டுவிட்டது. அந்தோணி அந்தப் பக்கம் திரும்பித் தன் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

அத்தை சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. "பயப்படாமப் போடி. மேல இருந்து பாத்தா எல்லா ஊரும் ஒண்ணுதான்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஆறேழு மாதம் கழித்து விமானம் ஏறினேன். முதல் குளிர்காலத்தில் நான்கு மணிக்கே வெளிச்சம் மங்கும்போது சமையலறையில் நின்று அதையே சொல்லிக்கொண்டேன். ஷெரின் பிறந்த பிறகு அவளுக்குச் சொன்னேன். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, வீட்டிலுள்ள வீரப் பெண்மணி யார் என்று எழுதச் சொன்னபோது அவள் எழுதிக்கொண்டு போனதும் அதுதான். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்கூட அது பிரசித்தம். புதிதாக வேலைக்குச் சேர்ந்து அழும் பிலிப்பைன்ஸ் பெண்களிடம், "ஸ்டெல்லாவின் அத்தை சொன்னதைக் கேட்டிருக்கிறாயா?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்யாணக் கேசட்டைச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தோம். இங்கே வந்து போட்டால் படம் வரவில்லை. கறுப்பு வெள்ளையில் கோடுகளாக உருண்டது. எங்கள் தலைகள் மட்டும் திரையின் மேல் விளிம்பில் போய்க்கொண்டே இருந்தன. இந்திய கேசட் கனடா பெட்டியில் ஓடாது என்று அப்போதுதான் தெரிந்தது. திண்டுக்கல்லில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போன பாதிப் பெண்கள் ஓடாத கேசட்டோடுதான் போயிருப்பார்கள். பத்து வருடம் எங்கள் கல்யாணத்தை நாங்களே பார்க்கவில்லை.

பிறகு ஒரு கடையில் கொடுத்து சிடியாக மாற்றினோம். அப்போதும் அத்தையின் குரல் கிடைக்கவில்லை. வீடியோ எடுத்த பாண்டி அண்ணன் மிக்ஸிங்கில் கைவரிசையைக் காட்டியிருந்தார். வரவேற்பு முழுக்க ஒரு சினிமாப் பாட்டு. அத்தை வாயசைக்கிறார், மேலிருந்து ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. நான் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறேன், என் முகத்தைச் சுற்றி ஒரு இதயம் வந்து நிற்கிறது. இதயம் சுழன்று இரண்டு அன்னப்பறவைகளாகிறது. அத்தை காணாமல் போய்விடுகிறார்.

4

அத்தை தொண்ணூறுகளின் கடைசியில் இறந்துபோனார். விசாப் பேப்பர் ஒன்று பாதியில் இருந்ததால் நான் ஊருக்குப் போக முடியவில்லை. போயிருந்தால் திரும்ப உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

போன வருடம் யாழினி என்ற பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. சென்னைப் பெண், டொராண்டோவில் சினிமா படிக்கிறாள். பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றில் அத்தையின் படத்தைப் பார்த்துவிட்டு, சொந்தமாக ஒரு டாக்குமெண்டரி எடுக்கக் கிளம்பியிருக்கிறாள். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. இரவல் காமிரா, நண்பர்கள் நாலு பேர். அத்தையைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தமிழ்ப் பங்குக் கோயில்களுக்கெல்லாம் எழுதியிருக்கிறாள்; அது அந்தோணியின் அண்ணன் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது.

நான் போன் செய்து பேசினேன். அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "அக்கா, படத்தோட கடைசி வரியே இதுதான்" என்றாள். குரல் நடுங்கியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நான் அந்தப் படத்தின் ஆளாகிவிட்டேன். ஆங்கில வரிகள் எழுத ஒப்புக்கொண்டேன். என்னோடு பூசைக்கு வரும் குடும்பங்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டன.

ஊரில் விமானம் பறக்கவிட்டுப் படமெடுக்க அனுமதி கேட்டால், அந்தப் பேப்பர் நடந்து முடிவதற்குள் யாழினிக்குப் பேரன் பிறந்துவிடுவான். அதனால் என்னிடம் யோசனை கேட்டாள். எங்கள் சமவெளியில் ஜூலை மாதம் மஞ்சள் பூத்த வயல்களின் மேல் மருந்தடிக்கும் விமானங்கள் தும்பி போலத் திரியும். முதியோர் இல்லத்தில் நான் குளிப்பாட்டிவிடும் டோரிஸ் என்ற பாட்டியம்மாவின் பேரன் அப்படி ஒரு விமானம் ஓட்டுகிறான். அவனிடம் போய், என் அத்தையும் பருத்திக்கு மருந்து கொடுத்தவர்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன். "பருத்திக்கு என்ன காய்ச்சலா?" என்று கேட்டான். பிறகு கையை ஆட்டிக் காட்டிப் புரியவைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் யாழினி என்னை அத்தையைப் போலச் சட்டையும் பேண்டும் போடச் சொல்லி, விமானத்துக்குள் ஏற்றி உட்கார வைத்தாள். பறக்கவில்லை; நின்ற இடத்திலேயேதான். பின்னாலிருந்து என் முதுகை மட்டும் எடுத்தாள். "கறுப்பு வெள்ளையா மாத்திட்டா எல்லாப் பூவும் பருத்திப் பூதான்க்கா" என்றாள். எஞ்சின் ஓடியது. கண்ணாடிக்கு வெளியே வயல் விளிம்பில்லாமல் கிடந்தது. ஒரு கணம் அந்த மஞ்சளின் ஓரத்தில் எங்கள் ஊர்ச் சிறுமலை நீலமாக நிற்பதைப் பார்த்தேன். இங்கே ஆயிரம் மைலுக்கு மலை கிடையாது. ஆனாலும் பார்த்தேன். என் முதுகு அத்தையின் முதுகாக இருந்த அந்த இருபது நிமிடங்களைப் போல ஒரு நிம்மதி எனக்கு இந்த நாட்டில் வாய்த்ததில்லை.

5

படத்துக்கு உதவி செய்யும் ஒரு அமைப்பின் வக்கீல், அத்தையின் போட்டோக்களைப் பயன்படுத்த அவருடைய வாரிசு கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வாரிசுச் சான்றிதழ் வாங்கத் தம்பி சேவியரை ஊரில் ஒரு ஆபீஸுக்கு அனுப்பினேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். எல்லா ஆபீஸும் அந்த ஆபீஸ்தான்.

சேவியர் போனில் நடித்தே காட்டினான். "'புருசன் பேரு?'ங்கறாரு. கல்யாணம் ஆகல சார்னேன். 'சரிய்யா, புருசன் பேரு?'ங்கறாரு. காலியா விடுங்கன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாதாம். கடைசில அவரே எரக்கப்பட்டு ஒரு கோடு போட்டுக் குடுத்தாருக்கா. அத்தைக்குப் புருசன் ஒரு கோடு!"

அத்தை விமானம் ஓட்டுவதைத் திடீரென்று ஏன் நிறுத்தினார் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கண் சரியில்லை என்றார்கள், விபத்து என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் தொப்பம்பட்டி பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கை யாழினி கண்டுபிடித்தாள். அத்தையின் விமானத்தைக் கவனித்துக்கொண்டவர், இப்போது தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அவர் பேசியதற்கு வரி எழுதியதும் நான்தான்.

"அந்தம்மாவுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கண்ணு கழுகுக் கண்ணு. அவங்க அண்ணன்காரர் இருந்தாருங்களே, அவரே ராஜினாமாக் கடுதாசிய டைப்படிச்சு, தங்கச்சி பேருல அனுப்பிப்புட்டாருங்க. வயசுப் பொண்ணு, ஊரு பேசுதுன்னு. ஒரு நா காலைல அந்தம்மா வழக்கம் போல வந்து நிக்கிறாங்க, உங்களுக்கு இனி வேலை இல்லீங்கன்னு சொல்லிப்புட்டாங்க. அந்தம்மாவ ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலீங்க."

அண்ணன்காரர் என்றால் எங்கள் பெரியப்பா. அவர் மடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் வாங்கிக் கொடுத்த மிட்டாயைத் தின்றிருக்கிறேன். அந்த வரியை அவர் சொன்னபடியே டைப் செய்தேன்.

6

படம் மார்ச் மாதம் வின்னிபெக்கில் ஒரு ஹாலில் முதல்முறை திரையிடப்படுகிறது. பிறகு திண்டுக்கல்லில். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. மேகம், ஒரு சின்ன விமானம், கீழே அத்தையின் வாக்கியம்: மேல இருந்து பாத்தா எல்லா ஊரும் ஒண்ணுதான்.

ஆனால் யாழினி கெட்டிக்காரி. "வீடியோல அத்தை பேசுறாங்க இல்லையா, பாட்டுப் போடாத ஒரிஜினல் கேசட் இருக்குமாக்கா? அவங்க குரல் எங்கயுமே இல்ல. அவங்களே சொல்லிக் கேட்டா எப்படி இருக்கும்!" என்றாள்.

இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டுடியோக்காரர்கள் ஒரிஜினல் கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவார்கள். என் அத்தையின் மேல் இந்நேரம் பத்துப் பொண்ணு மாப்பிள்ளை நிற்பார்கள். இருந்தாலும் சேவியர் பாண்டி அண்ணனைத் தேடிப் போனான். அவர் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார்.

"ஒங்க அக்கா கல்யாணமா? அதை எப்படிப்பா அழிப்பேன்! நான் தனியா எடுத்த மொதக் கல்யாணம்ல" என்று சொல்லி, பீரோ மேலிருந்து ஒரு பையை எடுத்தாராம். கேசட்டில் பூஞ்சை. நான்கு நாள் அதைப் பஞ்சால் துடைத்து, டிவிடியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அக்காவுக்கு, இதயம் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டேன், மன்னிக்கவும்."

7

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சேவியர் அனுப்பிய டிவிடியைப் போட்டேன். அந்தோணி வெளியே பனியை வாரிக்கொண்டிருந்தார். ஷெரின் மாடியில் இருந்தாள்.

ரோஜா இதழ் இல்லை, பாட்டு இல்லை. கச்சேரிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் அது. பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை, நடுவில் அத்தையின் குரல், பத்து வருடத்துக்கு முன் இறந்தவருடைய குரல், கரகரப்பாக, கிட்டத்தில்.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? சாப்டியா?"

"இல்லத்தே. எல்லாரும் போன பெறகுதான்."

"எப்பப் பயணம்?"

"பேப்பர் வந்ததும்."

"நீ போறியா, இல்ல ஒன்னைய அனுப்புறாங்களா?"

மேடையிலிருக்கும் அந்த இருபத்துமூன்று வயதுப் பெண் குனிந்து தன் மாலையைப் பார்த்தாள். அத்தை அவள் கையை விடவில்லை.

"போறியா, இருக்கியான்னு யாராச்சும் ஒன்னைய ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"பயமா இருக்கு அத்தே."

"வேணாம்னா சொல்லு. கல்யாணம் வேற, ஊரைவிட்டுப் போறது வேற. நம்ம ஊர்ல லேத்துப் பட்டறைக்கா பஞ்சம்? அவனை இங்கயே இருக்கச் சொல்வோம். ஒங்கப்பன்கிட்ட நான் பேசுறேன். இம்புட்டு சனம் கூடிருச்சேன்னு பாக்காத. சனம் சோறு தின்னுட்டுப் போயிரும்."

அப்போது பாண்டி அண்ணனின் குரல்: "பொண்ணு இங்கிட்டுப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

நான் திரும்பிச் சிரித்தேன்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு என் கையை மெதுவாகக் கீழே விட்டார். "சிரிச்சிட்டியா? அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். பந்தி பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் போனார். காமிரா அவரைவிட்டு அடுத்த ஆளுக்கு வந்துவிட்டது.

எத்தனை முறை திரும்பத் திரும்பப் போட்டேன் என்று தெரியாது. பயப்படாமப் போ என்று ஒரு இடத்திலும் இல்லை. எல்லா ஊரும் ஒன்றுதான் என்று அத்தை சொல்லவே இல்லை. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால் முதல் குளிர்காலம்தான் தெரிகிறது. நான்கு மணி வெளிச்சம், ஓடாத கேசட், வயிற்றில் ஷெரின். யாராவது எனக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஏங்கியிருக்கிறேன். ஏக்கம் மெல்ல மெல்ல அத்தையின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது பொய்தான்.

8

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பது இதுதான். யாழினி மெயில் அனுப்பியிருந்தாள்: "குரல் கிடைத்ததா அக்கா?" பூஞ்சை பிடித்துச் சத்தம் போய்விட்டது என்று ஒரு வரி எழுதிப் போட்டால் முடிந்தது. நோட்டீஸ் தப்பிக்கும், அந்தோணி முகம் வாடாது, ஷெரினின் வீரப் பெண்மணி அப்படியே இருப்பாள். இல்லாவிட்டால், அத்தை தமிழில் என்ன பேசினாலும் அடியில் நான் எழுதுவதுதானே ஆங்கிலம்? இங்கே யாருக்குத் தெரியப்போகிறது? இதைக்கூட நினைத்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், இரண்டு நாள் நினைத்தேன்.

என்னைத் தடுத்தது மெக்கானிக் தாத்தாவின் வரிதான். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. அத்தை பேரில் பெரியப்பா ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டார். அத்தை பேரில் நானும் எழுதி அனுப்பினால், அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இன்று சாயங்காலம் அந்தோணி கையில் டேப்போடு உள்ளே வந்தார். "கல்யாண நாளும் அதுவுமா என்ன ஒரே கம்ப்யூட்டரு?" என்றார். நான் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அவர் நின்றபடியே கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்காப் போடு" என்றார். சத்தம் கேட்டு ஷெரினும் இறங்கி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டாவது முறையும் ஓடி முடிந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"பதினஞ்சு வருசமா எங்கிட்ட வேற மாதிரியில்ல சொன்ன?"

"எனக்கே அப்பிடித்தான் ஞாபகம் இருந்துச்சு."

அவர் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி லேசாக அமுங்கியது. "என்னையுந்தான் ஆரு கேட்டாங்க?" என்றார். "அண்ணன் பேப்பர் போட்டுச்சு. கெளம்புன்னுச்சு. கெளம்பிட்டேன். நெய்க்காரப்பட்டியில லேத்து ஒண்ணு போடறதுக்கு எடமெல்லாம் பாத்து வெச்சிருந்தேன், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. பதினைந்து வருடத்தில் நானும் அவரைக் கேட்டதில்லை.

"அம்மா," ஷெரின் கேட்டாள். அவளுடைய தமிழ் எப்போதும் படி இறங்குவது போல நின்று நின்றுதான் வரும். "நீ ஏன் ஸ்மைல் பண்ண? உனக்குப் பயம்னு சொன்னியே."

"சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சேன்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கிறிஸ்துமஸ் அன்று இதே அறையில், மரத்து லைட்டுக்குப் பக்கத்தில், அந்தோணி காமிராவைத் தூக்கிப் பிடித்திருக்க, நாங்கள் டொராண்டோ என்றோம். இவள் ஓகே என்று சிரித்தாள். அந்தப் போட்டோ ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது.

நான் எழுந்து போய்ப் படிக்கட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஷெரின், டொராண்டோ போறோம்னு சொன்னோம். ஒன்னைய ஒரு வார்த்தை கேக்கல. இப்பக் கேக்குறேன். போலாமா, வேணாமா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, அவள் பிறந்ததிலிருந்து பார்க்கும் அந்த வெள்ளைச் சமவெளி நீலமாக மாறிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வேணாம்" என்றாள். பிறகு இன்னும் தெளிவாக, "எனக்கு இங்க இருக்கணும்" என்றாள். அதற்கப்புறம் அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன்.

அந்தோணி கையிலிருந்த டேப்பைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். போனைத் தேடி எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"செரி. அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

நான் கம்ப்யூட்டருக்குத் திரும்பினேன். காலியாகக் கிடந்த இடத்தில் அத்தை கேட்டதைக் கேட்டபடியே எழுதினேன். ஷெரின் பின்னால் நின்று எழுத்துப் பிழை பார்த்தாள். யாழினிக்கு அனுப்பி, நோட்டீஸை மாற்றி அடிக்க வேண்டியிருக்கும் என்றும் சேர்த்து எழுதினேன். எல்லாவற்றுக்குமாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.